நிமிர்த்திவிட்ட மட்கார்டு: மாதவரம் பக்கத்து டிராக்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையில், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய ஊர்களில் இன்று கண்ணில் படுவது கன்டெய்னர் யார்டு, குடோன், லாரி ஷெட். நாற்பது வருடத்துக்கு முன் இதே இடத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பட்டம் பார்த்துப் பேசினார்கள். நிலம் மனையானது, மனை குடோனானது. அங்கே உழுத டிராக்டர்களில் பெரும்பாலானவை எடைக்குப் போய்விட்டன. ஒன்றிரண்டு மட்டும் கொட்டகையோடு நின்றுவிட்டன.

அப்படி நின்ற ஒன்றைப் பற்றியது இந்தக் குறிப்பு. வண்டி, மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், 35 குதிரைத்திறன் வகை. டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கி, மாஸி பெர்குசன் தொழில்நுட்பத்தில் செம்பியத்தில் செய்துவந்த வரிசையைச் சேர்ந்தது. பெர்கின்ஸ் உரிமம் பெற்று இன்ஜின் செய்த சிம்சன், பிஸ்டன் செய்த இந்தியா பிஸ்டன்ஸ் எல்லாமே அதே செம்பியம் வட்டாரம். அதனால் வடசென்னைக்காரருக்கு டிராக்டர் என்றால் இரண்டு உறவு. ஒருவருக்கு அது ஷிப்டு, சங்கு, கேன்டீன். பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்குச் சேறு, அண்டை (வயல் வரப்பு), வாடகை. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திய விஷயம்.

நானும் ஒரு டீசல் மெக்கானிக் நண்பரும் செம்பியம், வியாசர்பாடிப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்து வைக்கிறோம். 2024 ஜனவரியில் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். அவருடைய அப்பா வைத்திருந்த டிராக்டர் இருபது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. முந்தைய மாதம் மிக்ஜாம் புயல் மழையில் அச்சு மூழ்கும்வரை நான்கு நாள் தண்ணீர் நின்றிருக்கிறது. பழைய இரும்புக்காரர் விலை கேட்டுப் போய்விட்டார். அப்பா கொடுக்க மறுக்கிறார். வண்டியை ஓடவைத்து, பெயின்ட் அடித்து, அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வாசலில் நிறுத்த வேண்டும், கூடவே அப்பா பேசுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்.

இதில் வரும் எல்லோரும் சம்மதம் சொல்லித்தான் எழுதுகிறேன். பெயர், தெரு, அடையாளம் தரும் சில விவரங்கள் இல்லை.

முதலில் பார்த்தது

மெக்கானிக் ஆயில் கோலை உருவிப் பார்த்தார். மோர் மாதிரி இருந்தது, அதாவது இன்ஜினுக்குள் தண்ணீர். இந்த வண்டியில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பம்ப், பின் அச்சு மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அடி போல்ட்டைத் திறந்ததும் முதலில் சேற்றுத் தண்ணீர் வந்தது, பிறகு தயிர், கடைசியில்தான் எண்ணெய். டீசல் டேங்கில் துரு. இன்ஜின் சுற்றவில்லை.

டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டார். அவசரப்பட்டு பேட்டரி கொடுத்துச் சுற்றினால் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடையும். தினமும் ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்பதுதான் வைத்தியம். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை விரலளவு நகர்ந்தது.

வண்டியின் உடம்பு பற்றி என் நோட்டில் அன்று எழுதியது மூன்றே வரி: "சிவப்பு வெளுத்துவிட்டது. ஸ்டியரிங் வீல் மாற்றியது. வலது மட்கார்டு நசுங்கியிருக்கிறது." பதினொரு படம் எடுத்தோம். ஒன்பது இன்ஜினுடையவை. முழு வண்டியையும் காட்டும் படங்கள் இரண்டு, இரண்டுமே இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. வலப்பக்கம் சுவர், உள்ளே போக இடமில்லை.

முதல் பதிவு

பிப்ரவரியில் கொட்டகையிலேயே பதிவு வைத்தோம். உரிமையாளருக்கு 78 வயது. இரண்டு மணி நேரம் தடையில்லாமல் பேசினார். 1978-இல் பொன்னேரிப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, விற்றவர் கலப்பையைத் தூக்கி இறக்கும் இரண்டு ஹைட்ராலிக் லிவரையும் ஏற்றி இறக்கிக் காட்டியது, முதல் சேடை (நடவுக்கு முன் சேறடிக்கும் உழவு) ஓட்டியபோது மாடு வைத்திருந்தவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது, பிறகு அவர்களே வாடகைக்குக் கேட்டு வந்தது, உழவு இல்லாத மாதத்தில் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு மூட்டை அடித்தது, சூளையிலிருந்து செங்கல் ஏற்றியது. விலை, கமிஷன், டீசல் கணக்கு எல்லாம் விரல்நுனியில். மட்கார்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது 79-ல செங்குன்றம் ரோட்ல லாரிக்காரன் ஒரசிட்டான்" என்றார்.

பழைய ஓட்டுநரையும் மகன் வரவழைத்திருந்தார். 71 வயது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை, தூணருகே நின்றார். எதைக் கேட்டாலும் "ஐயா சொன்னதுதான் சார்." அன்றிரவு நான் நோட்டில் எழுதினேன்: "ஓட்டுநருக்கு அதிகம் நினைவில்லை." இந்த வேலையில் நான் எழுதியவற்றிலேயே மோசமான வரி இதுதான். ஒரு காலத்தில் கூலி கொடுத்தவரின் வீட்டுக் கொட்டகையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே அந்த மனிதரைப் பேசச் சொன்னோம். மறதி அவருடையது என்று முடிவுகட்டினோம்.

எது முதலில்: ஒரு முடிவு

மார்ச்சில் இன்ஜின் வேலை நாசில் பரிசோதனையிலும் டீசல் பம்பிலும் மாட்டி இழுத்தது. டிங்கர் வேலை செய்பவர் அந்த மாதம் காலியாக இருந்தார், ஏப்ரலுக்கு மேல் கிடைக்க மாட்டார். துருவும் மட்கார்டைத் தின்றுகொண்டிருந்தது. நானும் மெக்கானிக்கும் மகனும் பேசி, காத்திருக்கும் நாளை வீணாக்காமல் உடம்பு வேலையை முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டோம். செலவு, நாள், ஆள் எல்லாம் பார்த்தால் சரியான கணக்கு. வண்டியை வெளியே தள்ளி, மட்கார்டைச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தார்கள். அந்த மனிதர் கை தேர்ந்தவர். எங்கே நசுங்கியிருந்தது என்று தடவினாலும் தெரியாது.

எதிர்க்க யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம். சொல்லக்கூடியவர் தூணருகே நின்ற அந்த ஒருவர்தான், அவரை நாங்கள் கேட்கவில்லை.

ஓட்டுநர் ஏறியபோது

ஏப்ரல் நடுவில் இன்ஜின் தயார். மெக்கானிக்குக்கு ஓடவைக்கத் தெரியும், ஆனாலும் "நைனா கையாலயே முதல்ல போகட்டும்" என்று ஓட்டுநரைக் கூப்பிட்டார். உரிமையாளர் அன்று கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். தற்செயல்தான், நாங்கள் யோசித்துச் செய்ததில்லை.

அவர் இடப்பக்கமாக ஏறினார். நாற்பது வருட இடைவெளி அந்தக் கைக்குத் தெரியவில்லை. கியரின் வேக வரிசையை மாற்றும் ஹை-லோ லிவரைத் தேடாமலே நியூட்ரலில் தள்ளினார், அது அப்படி இருந்தால்தான் ஸ்டார்ட்டர் பிடிக்கும். வலது காலை இரண்டு பிரேக் மிதிகளின் மேலும் வைத்து, கொக்கி போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வயலில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடித்துத்தான் அண்டை ஓரம் திருப்புவார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும். "மறந்து ரோட்டுக்கு வந்தவன்லாம் போய்ச் சேந்துட்டான் சார்" என்றார். பிறகு, கீழே பார்க்காமல், தன் வலது கையை மட்கார்டின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்துத் தடவினார்.

"இன்னா சார், இங்க இருந்த குழியக் காணோம்?"

நிமிர்த்திவிட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் டீசல் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி முடித்தார். இன்ஜின் பிடித்து, மூன்று சிலிண்டரின் அந்தத் தடதடப்பு கொட்டகைத் தகரத்தை ஆட்டியது. சத்தத்துக்கு மேல் கத்தி அவர் சொன்னது எங்கள் பதிவுக் கருவியில் சரியாக விழவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது: "அது லாரி ஒரசினது இல்ல. நான் வுழுந்தது."

அவர் சொன்னது

மறுநாள் அவர் வீட்டில், தனியாக, ஒன்றரை மணி நேரம் பேசினார்.

நவரைக்குச் சேடை நடந்துகொண்டிருந்த சமயம். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ப் பாதையில் சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுக்கச் சொன்னார்கள். சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றி டயர் மாட்டினார். கீழே இழுவைக் கம்பி அன்று மாட்டியிருக்கவில்லை. சங்கிலியை மேலே, டாப் லிங்க் (கலப்பையின் மேல்முனையை வண்டியோடு சேர்க்கும் கம்பி) மாட்டும் இடத்தில் போட்டார். போடச் சொன்னது உரிமையாளர் என்கிறார். முதல் கியரில் கிளட்சை விட்டார். லாரி அசையவில்லை, முன் சக்கரம் எழும்பிவிட்டது.

இதில் இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுமையை இழுக்கும் புள்ளி பின் அச்சைவிடத் தாழ்வாக இருந்தால் இழுக்க இழுக்க முன்பக்கம் தரையில் அமுங்கி நிற்கும். அச்சுக்கு மேலே கட்டினால் நிலைமை தலைகீழ். சக்கரம் சுழல முடியாதபோது இன்ஜினின் திருகு விசை வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. மேலே கட்டிய சங்கிலி அதற்குத் துணைபோகிறது. கிளட்சை மிதிக்கக் கிடைப்பது ஒரு நொடியோ அதற்கும் குறைவோதான். அந்தக் கால வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் கம்பியும் கிடையாது. மேலே கட்டக் கூடாது என்பது டிராக்டர் ஓட்டுபவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாட்டு வண்டியிலிருந்து நேரே டிராக்டருக்கு வந்தவர்.

அவர் கிளட்சை மிதித்திருக்கிறார். வண்டி முழுசாகப் பின்னால் புரளவில்லை, பாதை ஓரச் சரிவில் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மட்கார்டு நசுங்கிய இடத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அவர் கால். அந்தக் குழிதான் தன் தொடைக்கு இடம் விட்டது என்கிறார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நான்கு மாதம் கட்டு. திரும்பி வந்தபோது வண்டியில் வேறு ஆள் இருந்தார். குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரில் பேச்சு. பிறகு ஒரு யார்டில் காவலாளி வேலைக்குப் போனார், சமீப காலம்வரை அதுதான்.

"குடிச்சிருந்தா நான் கிளட்சு மிதிச்சிருப்பனா சார்?" என்று மூன்று முறை கேட்டார்.

ஒத்துப்பார்த்தது

மட்கார்டு போய்விட்டது. மிச்சமிருந்தவற்றை மே மாதம் முழுக்கத் தேடினோம்.

முதலில் தேதி. உரிமையாளர் 1979 என்றார். ஓட்டுநருக்கு வருடம் தெரியாது, "எம்.ஜி.ஆர். அமெரிக்கா ஆஸ்பத்திரில இருந்தாரு, நான் கட்டுல இருந்தேன், அவரு திரும்பி வந்தப்போ எனக்குக் கட்டு அவுக்கல" என்றார். எம்.ஜி.ஆர். சென்னை திரும்பியது 1985 பிப்ரவரி தொடக்கம். அந்தக் காலத்தில் அதே நிலத்தில் நாற்று நட்ட அம்மா ஒருவரை விசாரித்தோம். ஓட்டுநர் சொன்னது எதையும் அவரிடம் சொல்லவில்லை. "இந்திராம்மா செத்த வருசம். ஓட்டுப் போட அவரக் கயித்துக் கட்டிலோட தூக்கினு போனாங்க. நாங்க சிரிச்சோம்" என்றார். தேர்தல் 1984 டிசம்பர் 24. ஆக விழுந்தது அதற்குச் சில நாள் அல்லது வாரங்கள் முன். டிசம்பர், ஜனவரி வாக்கில் தொடங்கும் நவரையின் சேடைக்கும் அது பொருந்துகிறது. அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார்: அன்று பாதி ஓட்டிய வயல் அப்படியே கிடந்தது, அவருக்கும் கூட வந்த பெண்களுக்கும் ஒரு வாரம் நடவு வேலை இல்லை, கூலி இல்லை. நாற்பது வருடத்தில் அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது, இரும்பு. செம்பியத்து டிராக்டர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துவந்தோம். ஹைட்ராலிக் பகுதி பூட்டும் இடத்தில் இருந்தவர். ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தொட்டிருக்கிறார், ஒன்றைக்கூட வயலில் பார்த்ததில்லை. வண்டியை ஒரு சுற்று வந்து, பின்னால் குந்தி உட்கார்ந்து, டாப் லிங்க் பிராக்கெட்டில் புதுப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். கீழே பழைய வெல்டிங். "இது எங்க வேலை இல்ல. இழுத்துப் பிச்சிருக்கு" என்றார்.

பெர்குசன் அமைப்பில் உழும்போது டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்படும். அந்தத் தள்ளுவிசை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்த, ஹைட்ராலிக் தானாகக் கலப்பையை ஏற்றி இறக்கும். அதற்குத்தான் இரண்டாவது லிவர். பின்னோக்கி இழுபட்ட பிராக்கெட் உழவில் வந்த சேதமாகத் தெரியவில்லை. அதே சமயம், கனமான கலப்பையைத் தூக்கிக்கொண்டு மேடுபள்ளத்தில் போனாலும் பின்னிழுவை வரும் என்பதையும் அவரே சொன்னார். எனவே இது ஓட்டுநர் சொன்னதோடு ஒத்துப்போகும் தடயம். அதற்கு மேல் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லலாம். வாங்கும்போது இரண்டு லிவரும் வேலை செய்தன என்பது உரிமையாளரின் பதிவிலேயே இருக்கிறது. விழுந்த பிறகு இரண்டாவது லிவர் செத்துவிட்டது என்று, தனக்குப் பின் ஓட்டியவர் சொல்லக் கேட்டதாக ஓட்டுநர் சொல்கிறார். இன்றும் அது செத்துத்தான் கிடக்கிறது.

மூன்றாவது, படம். குடும்ப ஆல்பத்தில் ஒரு ஆயுத பூஜைப் படம் கிடைத்தது, வலப்பக்கத்திலிருந்தே எடுத்தது. மட்கார்டு இருக்கும் இடத்தில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள்.

1979 லாரிக் கதையும் பொய்யில்லை. ட்ரெய்லரின் சட்டத்தில் உரசல் இருக்கிறது, செங்குன்றம் ரோட்டில் நடந்ததை ஓட்டுநரே ஒப்புக்கொண்டார். இரண்டு சம்பவங்களில் ஒன்றை மட்டும் வீடு வைத்துக்கொண்டு, மற்றதன் தழும்பையும் அதன் பேரில் எழுதிவிட்டது.

எடுத்த முடிவுகள்

ஓட்டுநரின் பதிவு அவருடையது என்று வைத்தோம். மெமரி கார்டில் போட்டு அவர் கையில் கொடுத்தோம். உரிமையாளருக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டோம். இரண்டு வாரம் யோசித்து, "போடுங்க. ஆனா நான் அங்க இருக்க மாட்டேன்" என்றார். எங்கள் மெக்கானிக்குக்கு இதில் உடன்பாடில்லை. வயதானவரை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் பதிவை உரிமையாளர் பேரன்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மௌனமாக இருந்தால் எங்கள் பதிவே ஒரு பக்கச் சாட்சியாகிவிடும். அதனால் போட்டோம்.

ஜூன் மாதம். மகனும் நானும் மட்டும் கூட இருந்தோம். முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொல்லித் தண்ணீர் குடித்தார்.

"சங்கிலி நம்ம வூட்டு சங்கிலிதான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்." பிறகு: "எங்க மாட்டுனான்னு நான் பாக்கல." குடித்திருந்தார் என்று சொன்னது யார் என்று கேட்டேன். "ஊர்ல சொன்னாங்க." ஆஸ்பத்திரிச் செலவு தான் கொடுத்ததாகச் சொன்னார். முதல் பதினைந்து நாளுக்குக் கொடுத்தார் என்று ஓட்டுநரும் பின்னர் சொன்னார். மாட்டச் சொன்னது யார் என்பதில் இருவர் வார்த்தையும் எதிரெதிராகவே நிற்கிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. இரண்டையும் அப்படியே பதிந்து வைத்திருக்கிறோம்.

பிறகு நடந்தது

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நின்றது. பக்கத்தில் மகன் ஒரு பலகை வைத்தார். அதில் விபத்து இல்லை. வாங்கிய வருடமும், அப்பாவின் பெயரும், கடைசி வரியில் "1978 முதல் 1984 வரை ஓட்டியவர்" என்று ஓட்டுநரின் பெயரும் இருந்தன. அந்த வரியை யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று மகன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஓட்டுநரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தார். இந்த முறை உட்கார்ந்தார், ஆனால் உரிமையாளர் பக்கத்தில் இல்லை. வண்டியைச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க முன்னே நகர்த்த அவரைத்தான் அழைத்தார்கள். கால் வலி என்று சொல்லி மெக்கானிக்கை அனுப்பினார்.

இரண்டாவது லிவரைச் சரிசெய்ய வேண்டாம் என்று மகனிடம் கேட்டுக்கொண்டோம். அவருக்கும் அது செலவு மிச்சம்.

மாற்றிக்கொண்டவை

பேச்சுப் பதிவுக்கு முன் யாரும் வண்டியைத் துடைக்கக்கூட விடுவதில்லை. ஒவ்வொரு நசுங்கலுக்கும் வெல்டிங்குக்கும் சாக்பீஸில் எண் போட்டு, அளவுகோல் வைத்து, நான்கு பக்கமும் படம் எடுக்கிறோம். வலப்பக்கம் சுவர் இருந்தால் வண்டியை முதலில் தள்ளுகிறோம். உரிமையாளர் சொல்லும் காரணத்தையும் ஓட்டியவர் சொல்லும் காரணத்தையும் தனித்தனித் தாளில், தனித்தனி நாளில், தனித்தனி வீட்டில் எழுதுகிறோம். வருடம் கேட்பதில்லை. அப்போது முதலமைச்சர் யார், தேர்தல் வந்ததா, வெள்ளம் வந்ததா, வீட்டில் யார் கைக்குழந்தை என்று கேட்கிறோம். ஓட்டியவரை முதலில் வண்டியில் உட்காரவைத்து, சும்மா இருந்து பார்க்கிறோம். கை எங்கே போகிறது என்று கவனிக்க ஒருவர் தனியாக நிற்கிறார்.

"அதிகம் நினைவில்லை" என்று எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அடுத்து மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இன்னொரு வண்டி இருக்கிறது. டிங்கருக்கு இன்னும் நாள் சொல்லவில்லை.